பலசரக்குக் கடையை அரசாங்கம் எடுத்து நடத்தலாமா?

சீனி வாங்கி வரும்படி அனுப்பிய பிள்ளை வெறும் பையோடு திரும்பி வரும்போது எந்த வீட்டிலும் ஒரு பொருளாதார ஆராய்ச்சி தொடங்கிவிடுகிறது. "நேற்று மாலை கடைக்குள்ளே மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்ததை என் கண்ணாலே கண்டேனே, இரவோடிரவாக அது எங்கே போயிற்று?" என்று இல்லத்தரசி கேட்கிறாள். "விலை ஏறப்போகிறதென்று முதலாளிக்கு மூக்கில் வியர்த்திருக்கும்" என்று பத்திரிகைக்குப் பின்னாலிருந்து குடும்பத் தலைவர் பதில் கூறுகிறார். அடுத்து வரும் வார்த்தை என்னவென்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "இந்தக் கடைகளையெல்லாம் அரசாங்கமே எடுத்து நடத்தினால் என்ன?"

நியாயமான கேள்விதான். புகைவண்டியை அரசாங்கம் ஓட்டுகிறது. தபாலை அரசாங்கம் சுமக்கிறது. பள்ளிக்கூடத்தையும் வைத்தியசாலையையும் அரசாங்கம் நடத்துகிறது. புகைவண்டி இல்லாமல் ஒரு மாதம் இருந்துவிடலாம்; அரிசியில்லாமல் இரண்டு நாள் இருக்க முடியாது. அப்படியிருக்க, அரிசியையும் பருப்பையும் மட்டும் இலாபம் தேடுவோர் கையில் விட்டுவைத்திருப்பது ஏன்? நமது கல்லூரி விவாத மேடைகளில் மாணவர்கள் இவ்விடயத்தை எடுத்துக்கொண்டு வெகு ஆவேசமாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ஒருவர் முதலாளித்துவத்தைச் சாடுவார். மற்றவர் சமவுடைமையைச் சாடுவார். இருவர் பேச்சிலும் கடை என்ற சொல் மட்டும் வராது. ஆகவே அப்பெரிய பெயர்களை அவர்களிடமே விட்டுவிட்டுக் கடைகளைப் பற்றியே பேச விரும்புகிறேன். இதனைச் செய்து பார்த்த நாடுகள் உண்டு. பாதி வழி சென்று பார்த்த நாடுகளுள் ஒன்று நாம் பிறந்த நாடு.

இலங்கையர் உண்ட அரிசியில் பெரும்பகுதி ஒரு காலத்தில் கடல் கடந்து வந்தது. அதிலும் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. 1942 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ரங்கூன் நகரம் யப்பானியர் வசமாயிற்று. ஏப்பிரில் 5 ஆந் திகதி கொழும்பின் மீதும், 9 ஆந் திகதி திருகோணமலை மீதும் குண்டுகள் விழுந்தன. அரிசிக் கப்பல் நின்றது. இருக்கும் அரிசியை இலட்சக்கணக்கான வயிறுகளுக்குப் பகிர்வதெப்படி என்ற பிரச்சினை ஓரிரு மாதங்களுக்குள் அரசாங்கத்தின் தலைமேல் வந்து விழுந்தது. அப்போது பிறந்ததுதான் கூப்பன். இன்றைய பாட்டன்மாரின் இளமைக் காலத்திலே குழந்தை பிறந்தவுடன் பெயர் வைப்பதற்கு முன்னரே கூப்பன் எடுப்பார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அந்நெருக்கடியிலும் அரசாங்கம் தனியார் கடைகளைப் பறிமுதல் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அனுமதி பெற்ற தனியார் கடைகளும் கூப்பனுக்கு அரிசி நிறுத்தன. ஆனால் அவற்றின் பக்கத்திலே வேறொரு கடை முளைத்தது. 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்கிய கூட்டுறவு இயக்கம் அதுவரை பெரும்பாலும் விவசாயிக்குக் கடன் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தது. போர் அதனைப் பலசரக்குக் கடைக்குள் இழுத்து வந்தது. மூன்றாண்டுகளுக்குள் நாடெங்கும் ஆயிரக்கணக்கான கூட்டுறவுப் பண்டகசாலைகள் தோன்றின. நாங்கள் அதனைச் சங்கக்கடை என்றோம். ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியார் சங்கத்தின் தலைவராயிருப்பார். தபாற்காரர் ஒருவரும் இரண்டு கமக்காரரும் நிருவாக சபையில் இருப்பார்கள். கணக்கு ஊரார் முன்னிலையில் வாசிக்கப்படும்.

சங்கக்கடை அரசாங்கத்தின் கடையன்று. சாமான் வாங்குவோரே பங்குப்பணம் கட்டி நடத்தும் கடை. 1844 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரத்தில் இருபத்தெட்டுத் தொழிலாளர் கூடி, மாவும் சீனியும் வெண்ணெயும் மெழுகுதிரியும் விற்க ஒரு சிறு கடையைத் திறந்தார்கள். நிறையிலும் தரத்திலும் ஏமாற்றாத ஒரு கடை வேண்டும் என்பதே அவர்கள் வேண்டியது. 1904 இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் தோன்றிய கூட்டுறவுச் சங்கமும் அவ்வழி வந்ததே. அரசாங்கக் கடைக்கும் சங்கக்கடைக்கும் உள்ள இவ்வேற்றுமை பின்னாளில் எங்கள் நாட்டில் மங்கிப்போனது. அதனைப் பிறகு சொல்கிறேன்.

போர் முடிந்தது, கூப்பன் முடியவில்லை. 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கூட்டுறவு மொத்த விற்பனை நிலையம் அமைக்கப்பட்டது. அதன் சிங்களப் பெயரின் முதலெழுத்துக்களே இன்று பட்டிதொட்டியெங்கும் வழங்கும் 'சதொச' என்னும் சொல். 1952 டிசெம்பரில் சீனாவோடு இறப்பர்-அரிசி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஆண்டுதோறும் ஐம்பதினாயிரம் தொன் இறப்பர் அங்கே செல்ல, இரண்டு இலட்சத்து எழுபதினாயிரம் தொன் அரிசி இங்கே வருவதென்பது ஏற்பாடு. உலகச் சந்தையில் அரிசி நெருப்பு விலை விற்ற காலம் அது. இத்தகைய காரியத்தை எந்த முதலாளியும், அவர் செட்டித்தெருவையே விலைக்கு வாங்கக் கூடியவராயினும், செய்திருக்க முடியாது. நாட்டுக்கு நாடு நின்று பேரம் பேசுவது அரசாங்கத்துக்கே இயன்ற வேலை.

ஆனால் அரசாங்கம் கடைக்காரனாகும்போது விலைப்பலகையும் அரசியற் பலகையாகிவிடுகிறது. 1953 இல் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. மானியத்தின் பாரத்தைத் திறைசேரி தாங்கவில்லை என்பது உண்மை. அந்த உண்மை எந்த அடுப்பையும் எரிக்கவில்லை என்பதும் உண்மை. ஓகஸ்ட் 12 ஆந் திகதி நாடு ஹர்த்தாலில் ஸ்தம்பித்தது. துப்பாக்கிகள் வெடித்தன, உயிர்கள் போயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்றில் ஏறிக் கூடவேண்டியதாயிற்று. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். தனிப்பட்ட வியாபாரி விலையை உயர்த்தினால் நாம் அவனைத் திட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போகிறோம். அரசாங்கம் உயர்த்தினால் போவதற்கு வேறு கடையில்லை. ஆகவே அரசாங்கத்தையே மாற்ற முயல்கிறோம். இதனை நன்கறிந்த அரசியல்வாதிகள் பின்வந்த ஒவ்வொரு தேர்தலிலும் அரிசியைக் கொத்துக் கணக்கில் வாக்குறுதியாக அளந்தார்கள். 1970 ஆம் ஆண்டுத் தேர்தலும் அப்படித்தான் நடந்தது.

அதன் பின் வந்த ஏழாண்டுகளே இக்கட்டுரையின் நடுப்பகுதி. இதனை நூலிற் படித்து எழுதவில்லை. வரிசையில் நின்று கண்டதை எழுதுகிறேன்.

1971 இல் ஊர்தோறுமிருந்த சிறு சங்கங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டுப் பெரிய பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களாயின. எங்கள் தலைமை வாத்தியார் தலைமை தாங்கிய சங்கம் ஒரு கிளையாயிற்று. நிருவாகத்தில் ஊராரின் குரல் குறைந்து, மேலிடத்துச் சுற்றறிக்கையின் குரல் ஓங்கியது. அதே ஆண்டில் நெல் சந்தைப்படுத்தும் சபை தோன்றியது. நெல்லை வாங்கும் உரிமை படிப்படியாக அதன் கைக்குச் சென்றது. ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு அரிசி கொண்டு செல்லத் தடை விதிக்கப்பட்டது. வீதியில் மரத்தடுப்புப் போட்டு, பஸ்சில் வரும் கிழவியின் பையையும் பிரித்துப் பார்த்தார்கள். 1973 இல் உலகச் சந்தையில் அரிசியும் கோதுமையும் எண்ணெயும் பன்மடங்கு விலையேறின. எமது நாட்டிடம் அன்னியச் செலாவணி இருக்கவில்லை. பங்கீடு குறைந்தது. பாணுக்கு வரிசை வந்தது.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு மாணவன். விடிவதற்கு முன்னரே அம்மா எழுப்புவார். சங்கக்கடை வாசலில் எனக்கு முன்னரே பத்துப் பதினைந்து கற்கள் நிற்கும். கல் என்றால் கல்தான். முதல்நாள் இரவே வந்து கல்லை வைத்து இடம் பிடித்துவிட்டுச் சென்றவர்களின் பிரதிநிதிகள். மனேச்சர் ஒன்பது மணிக்கு வருவார். கதவைத் திறந்து, பெயரேட்டைத் தூசி தட்டி, தராசைப் பார்த்து, வெற்றிலையை மென்று முடித்து, முதலாவது கூப்பனை வாங்க ஒன்பதரையாகும். பள்ளிக்கூடத்து மணி அதற்கு முன்னரே அடித்துவிடும். சில நாட்களில் என் முறை வரும்போது "மா முடிஞ்சுது தம்பி, நாளைக்கு வா" என்ற சொல் வரும். சீனி வேண்டுமானால் ஒரு தகரப் பேணியையும் வாங்கவேண்டும் என்று சில வேளைகளில் நிபந்தனை வரும். அந்தப் பேணியில் இருப்பதை ஊரில் எவரும் உண்பதில்லை. மேலிடத்திலிருந்து அனுப்பியிருக்கிறார்கள், எப்படியாவது விற்றாக வேண்டும்.

அந்த மனேச்சரை நான் குறை சொல்லவில்லை, நேர்மையான மனிதர். பத்து மூட்டை வந்தால் பத்து மூட்டையையும் கூப்பனுக்கு நிறுத்தார். ஆனால் வெங்காயம் அழுகினால் அவருக்கு நட்டமில்லை. அழுகாமற் காத்தால் இலாபமுமில்லை. வரிசை நீண்டால் சம்பளம் குறையாது, குறைந்தால் கூடாது. நிறையில் குறைந்தால் மட்டும் தன் கையிலிருந்து கட்டவேண்டும். ஆகவே தராசைக் காப்பதொன்றே அவர் தொழிலாயிற்று. ஏழு மணிக்குக் கடையைத் திறக்கவேண்டுமென்று அவருக்குத் தோன்றாததற்குக் காரணம் அவர் குணமன்று, அவர் வகித்த உத்தியோகம்.

சந்தியிலே இன்னொரு கடை இருந்தது. ஓலைக் கூரை, இரண்டு பலகைத் தட்டு, வாசலில் தொங்கும் வாழைக்குலை. அதிகாலை ஐந்து மணிக்கு அந்தக் கடை விளக்கு எரியும். கால் இறாத்தல் பருப்பு வேண்டுமென்றாலும் முகஞ்சுளிக்காமற் சுருள் கட்டித் தருவார். ஐந்து சதத்துக்குத் தேங்காய் எண்ணெய் ஊற்றித் தருவார். அவர் மேசையில் நீளமான கொப்பி ஒன்றிருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். எங்கள் பக்கத்தில் தந்தையாரின் சம்பளம் வரும்வரை எழுதிக்கொண்டே இருப்பார். சம்பளம் வந்ததும் ஒரு கோடு கிழிப்பார். ஓராண்டு தந்தையாருக்கு வேலை போய்ச் சில மாதங்கள் சம்பளம் வரவில்லை. கோடு கிழிபடவில்லை. அவர் எழுதுவதையும் நிறுத்தவில்லை.

அவரைத் தெய்வமாக்க வேண்டாம். சீனித் தட்டுப்பாடு வந்தபோது வீட்டுக்குள்ளே மறைத்து வைத்து இரட்டை விலைக்கு விற்றவர்களுள் அவரும் ஒருவர். கடன் வாங்கியவர்கள் அவரிடம் விலை கேட்க முடியாது. கொப்பியில் எழுதியதே விலை. அவருடைய தராசின் ஒரு தட்டுக்கு அடியில் புளி ஒட்டியிருந்ததென்று ஊரில் ஒரு கதை உண்டு. நான் பார்த்ததில்லை, அம்மா நம்பினார். இருந்தும் கூப்பன் புத்தகத்தையும் கடைக் கொப்பியின் துண்டுகளையும் அவர் ஒரே தகரப் பெட்டியிலே வைத்திருந்தார். ஒன்று இல்லாவிட்டால் அந்த ஆண்டுகளை எங்கள் குடும்பம் கடந்திருக்குமோ என்பது ஐயம். மற்றது இல்லாவிட்டாலும் அப்படியே.

அக்காலத்தைப் பற்றி யாழ்ப்பாணத்து விவசாயியிடம் கேட்டால் வேறு கதை சொல்வார் என்பதையும் மறைக்கக் கூடாது. செத்தல் மிளகாயும் வெங்காயமும் இறக்குமதி செய்வது நிறுத்தப்பட்டதால், எங்கள் தோட்டங்களில் விளைந்தவற்றுக்கு அதற்கு முன்னும் பின்னும் கண்டிராத விலை கிடைத்தது. ஓலைவீடுகள் கல்வீடுகளாயின, லொறிகள் வாங்கப்பட்டன. 1977 க்குப் பின் இறக்குமதிக் கதவு திறந்ததும் அவ்விலை சரிந்தது. ஒரே கொள்கை பாணுக்கு வரிசையில் நின்றவனை அழவைத்தது, வெங்காயம் நட்டவனைச் சிரிக்கவைத்தது. சில வீடுகளில் இருவரும் ஒருவரே.

இது பாதிவழி. முழுவழியும் சென்ற நாட்டைக் காணக் கடலைக் கடந்து ரங்கூனுக்குச் செல்லவேண்டும். அவ்வரலாற்றில் தமிழரின் கண்ணீரும் கலந்திருக்கிறது.

போருக்கு முன் ஆண்டுக்கு ஏறத்தாழ முப்பது இலட்சம் தொன் அரிசியை ஏற்றுமதி செய்து உலகில் முதலிடம் வகித்த நாடு பர்மா. ரங்கூன் தெருக்களில் தமிழும் தெலுங்கும் வங்காளமும் குசராத்தியும் ஒலித்தன. துணிக்கடை, அரிசிக்கடை, பலசரக்குக்கடை, வட்டிக்கடை என வியாபாரத்தின் பெரும்பகுதி இந்தியர் கையிலும் சீனர் கையிலும் இருந்தது. பர்மியருக்கு அதில் மனக்குறை இருந்ததில் வியப்பில்லை. செட்டிமாரிடம் கடன்பட்டு நிலத்தை இழந்த உழவர்களின் மக்கள் அவர்கள். 1962 மார்ச் 2 ஆந் திகதி ஜெனரல் நீ வின் ஆட்சியைக் கைப்பற்றினார். வங்கிகளும் ஆலைகளும் முதலில் போயின. 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகளின் வாசலில் இராணுவத்தினர் வந்து நின்றனர். அடுத்த மாதம் நாட்டின் ஏனைய பகுதிகளுக்கும் அது பரவியது. கடைக்காரரைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துச் சாமான்களை எண்ணினர், கணக்கெழுதினர், சாவியை வாங்கினர். 'மக்கள் கடை' என்ற பலகையும் ஓர் இலக்கமும் வாசலில் ஏறின. மே மாதம் 17 ஆந் திகதி ஐம்பது கியாட், நூறு கியாட் நோட்டுக்கள் செல்லாவென்று அறிவிக்கப்பட்டபோது கடையை இழந்தவர்கள் கையிருப்பையும் இழந்தார்கள். கப்பல் கப்பலாக இந்தியாவுக்குத் திரும்பினார்கள். நகையையும் பணத்தையும் விருப்பம்போற் கொண்டுசெல்ல விடவில்லை. மூன்று தலைமுறை உழைத்துச் சேர்த்த குடும்பங்கள் ஒரு தகரப் பெட்டியோடு சென்னைத் துறைமுகத்தில் இறங்கின. சென்னைக் கடற்கரைப் புகைவண்டி நிலையத்துக்கு அருகே அவர்கள் மறுபடியும் போட்ட சிறு கடைகளே பர்மா பஜார். சிலர் பர்மாவுக்கே திரும்பிவிட எண்ணித் தரைவழியாகச் சென்று, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரே என்னும் ஊரிலேயே தங்கிவிட்டனர். இன்றும் அங்கே தமிழர் உளர்.

மக்கள் கடைகளுக்கு என்னவாயிற்று? கடையை எடுப்பது ஒரு நாள் வேலை. மறுநாட் காலையில் எந்தச் சாமான் எவ்வளவு வேண்டும், எங்கிருந்து வரவேண்டும், எந்த ஊரில் எந்தப் பருவத்தில் மழையில் பாதை அறுபடும், எந்த விவசாயிக்கு முற்பணம் கொடுத்தால் பயறு தருவான் என்பதெல்லாம் அந்தக் கடைக்காரர்களின் தலைக்குள் இருந்தன. தலைகள் கப்பலேறிவிட்டன. இராணுவ அதிகாரிக்குத் தெரிந்ததெல்லாம் கட்டளையிடுவது. பயறு கட்டளைக்கு முளைப்பதில்லை. மண்டலேயில் ஒரு பொருள் கிடங்கில் மக்க, ரங்கூனில் அதே பொருளுக்கு வரிசை நின்றது. 1966 இல் பல பொருள்களின் வியாபாரத்தை மீண்டும் தனியாருக்குத் திறந்துவிட வேண்டியதாயிற்று. 1967 இல், அரிசியால் உலகை ஊட்டிய அந்த நாட்டிலேயே அரிசிக் கலகம் நடந்தது; அக்கியாப் நகரில் துப்பாக்கிச் சூட்டில் மக்கள் மாண்டனர். கள்ளச் சந்தை மட்டும் செழித்தது. அரசாங்கக் கடையில் விலைப்பட்டியல் இருந்தது. சாமான் சந்துக்குள் இருந்தது.

சில்லறைக் கடையைத் தொடாமல் மொத்த வியாபாரத்தை மட்டும் எடுத்தால் என்ன என்று நுட்பமாகக் கேட்போர் உண்டு. 1973 ஏப்பிரிலில் இந்திரா காந்தியின் அரசாங்கம் அதைத்தான் செய்தது. கோதுமையின் மொத்த வியாபாரம் தனியாருக்குத் தடை செய்யப்பட்டது. குவிண்டாலுக்கு 76 ரூபா என்று கொள்முதல் விலை குறித்தார்கள். விவசாயி அவ்விலைக்கு விற்க மனமின்றித் தானியத்தை வீட்டுப் பத்தாயத்திலே வைத்துக்கொண்டான். குறித்த இலக்கில் ஏறத்தாழப் பாதியே அரசாங்கத்தின் களஞ்சியத்துக்கு வந்தது. ஓராண்டு முடிவதற்குள் திட்டம் கைவிடப்பட்டது. கொள்முதல் விலையும் 105 ரூபாவாயிற்று. அரிசிக்கும் இதைச் செய்வதென்றிருந்த எண்ணம் அத்தோடு அடங்கியது. வியாபாரியை விலக்கினால் அவன் இலாபம் மிஞ்சும் என்று கணக்குப் போட்டவர்கள், அவன் செய்த வேலையையும் யாராவது செய்யவேண்டும் என்பதைக் கணக்கில் எழுத மறந்தார்கள்.

ஆனால் அதே இந்தியாவில், அதே தமிழகத்தில், நியாயவிலைக் கடை இன்றும் நிற்கிறது. முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள். பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. 2011 முதல் அங்கே அரிசி அட்டை உடையோருக்கு அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. எடைக் குறைவு, தரக் குறைவு, கடத்தல் என்று குற்றச்சாட்டுகள் இல்லாமலில்லை. எனினும் அக்கடை நின்றதற்கு ஒரு காரணம், அது எவருடைய கடையையும் மூடவில்லை. நியாயவிலைக் கடையில் அரிசியும் சீனியும் வாங்கிய பெண் அடுத்த தெருவிலுள்ள கடையில் மிளகும் சவர்க்காரமும் வாங்குகிறாள். இரு கடைக்காரரும் ஒருவரையொருவர் கண்காணிக்கின்றனர், சம்பளமில்லாத பரிசோதகர்களாக.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2021 ஆம் ஆண்டு ஓகஸ்ட் இறுதியில், சீனியும் அரிசியும் பால்மாவும் காணாமற்போன வேளையில், இலங்கை அரசாங்கம் அவசரகாலப் பிரமாணங்களைப் பிறப்பித்தது. அத்தியாவசிய சேவைகள் ஆணையாளர் நாயகமாக இராணுவ உயரதிகாரி ஒருவர் நியமிக்கப்பட்டார். சீனிக் களஞ்சியங்கள் திறக்கப்பட்டன, இருப்புக்கள் கைப்பற்றப்பட்டன, உச்ச விலைகள் வர்த்தமானியில் வந்தன. ஒரு வாரம் பத்திரிகைகளில் மூட்டைகளின் படங்களைக் கண்டு நாமும் மகிழ்ந்தோம். செப்டெம்பர் முடிவதற்குள் அரிசியின் உச்ச விலை நீக்கப்பட்டது. ஒக்டோபரில் பால்மா, கோதுமை மா முதலியவற்றின் விலைக் கட்டுப்பாடும் போயிற்று. களஞ்சியத்திலிருந்த சீனியைக் கைப்பற்றலாம். கப்பலில் ஏற்றப்படாத சீனியைக் கைப்பற்றுவதெப்படி? டொலர் இல்லை. அவ்வாண்டிலேயே இரசாயன உரத்தைத் தடுத்ததால் வயலும் இளைத்தது. மறு ஆண்டு, 2022 செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. நாட்டிலுள்ள கடைகள் அனைத்தையும் அன்று அரசாங்கம் எடுத்திருந்தாலும் ஒரு மூட்டை அதிகமாக வந்திருக்காது. வெறும் தட்டுக்களுக்கு அரசாங்க இலச்சினை ஒட்டப்பட்டிருக்கும்.

பதுக்கல் என்று நாம் கோபிக்கும்போது நம் கோபம் கண்ணுக்கெட்டிய கடைமீது பாய்கிறது. சந்திக் கடைக்காரனிடம் இருப்பது மூன்று மூட்டை. அவன் மறைத்தாலும் ஊரிலுள்ள பத்துக் குடும்பங்களுக்கே தெரியும் தீங்கு. நாடு முழுவதையும் பட்டினி போடக்கூடிய இருப்பு இறக்குமதியாளர் கிடங்கிலும் பெரிய அரிசி ஆலைகளிலும் இருக்கிறது. அறுவடை நாளில் விவசாயியிடம் மலிவாக வாங்கி, ஐப்பசி கார்த்திகையில் சந்தைக்கு எவ்வளவு விடுவதென்று தீர்மானிப்போர் கைவிரலால் எண்ணத்தக்கவர்களாயிருந்தால், அங்கே போட்டி வியாபாரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தனியார் வியாபாரத்தின் பெருமையைப் பேசும் நண்பர்கள் இதற்குப் பதில் கூறாமல் நழுவிவிடுகின்றனர். என்னைக் கேட்டால், அரசாங்கத்தின் கை நீளவேண்டிய இடம் அது. அதுவும் பறிப்பதற்கன்று. அறுவடைக் காலத்தில் நியாயமான விலைக்கு நெல்லை வாங்கி, நாட்டுக்கு இரண்டு மூன்று மாதத்துக்குப் போதுமான இருப்பைத் தன் களஞ்சியத்தில் வைத்திருந்து, விலை ஏறும்போது அதனைச் சதொச மூலமும் சங்கங்கள் மூலமும் விற்பதற்கு. விற்பதற்கு அரிசி இருக்கிறதென்று தெரிந்தாலே ஆலைக்காரர் தாமும் மூட்டையை வெளியே விடுவார். களஞ்சியம் காலியாயிருக்கும்போது வர்த்தமானியைக் கண்டு அஞ்சுவோர் எவருமில்லை.

சங்கக்கடையை மறந்துவிடலாமா? 1990 க்குப் பின் வடக்கே பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளில், மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் அரும்பொருளாயிருந்த காலத்தில், இடம்பெயர்ந்தோருக்கு நிவாரண அரிசியை நிறுத்தவை பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் கிளைகளே. இலாபம் தேடும் கடை அவ்வேலையைச் செய்திருக்காது. செய்யும்படி கேட்கவும் முடியாது. அக்கிளைகளைத் தாங்கியவர்கள் கொழும்புச் சுற்றறிக்கை எழுதியவர்களல்லர். யாருக்கு எத்தனை பிள்ளைகள், யார் கணவனை இழந்தவள் என்று தெரிந்த ஊர்க்காரரே அவற்றைத் தாங்கினர். சங்கத்தை அரசாங்கத்தின் கிளைக் கந்தோராக்கியதே எழுபதுகளில் நாம் செய்த பிழை என்று நான் எண்ணுகிறேன். அங்கத்தவர் பொதுக்கூட்டம் வெறுஞ் சடங்காகிவிட்ட சங்கங்கள் இன்றும் உள. அதைத் திருத்த வேண்டியவர்கள் பங்குப்பணம் கட்டிய நாமே. பொதுக்கூட்ட அறிவித்தல் வந்தால் நம்மில் எத்தனை பேர் போகிறோம்?

மாணவர்கள் அடுத்தமுறை இவ்விடயத்தை விவாதிக்கும்போது அரசாங்கத்திடம் கேட்கவேண்டியதொன்றுண்டு. சிறு கடைகளின் சாவியை அது கேட்க வேண்டாம். ஒவ்வொரு வாரமும் அதன் களஞ்சியங்களில் எத்தனை தொன் நெல், எத்தனை தொன் அரிசி, சீனி, பருப்பு உள்ளன, பெரிய ஆலைகளிலும் இறக்குமதியாளரிடத்தும் எவ்வளவு உள்ளதென்று பதிவாகியிருக்கிறது என்பதை வெளியிடும்படி கேட்கட்டும். மழைவீழ்ச்சியையும் தங்கத்தின் விலையையும் நாம் பத்திரிகையிலே தவறாமற் காண்கிறோம். அரிசியின் இருப்பை அச்சிட ஒரு பக்கத்தின் கால்வாசி போதும்.